பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குமுன்

எம்ஜிபி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க விழைவோர், பளபளக்கும் வண்ணப்பூச்சைக் கண்டு விலை பேசலாகாது. 1962 முதல் 1980 வரை உற்பத்தியான இக்காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி துருப்பிடித்திருந்தால் செலவு பெருகும். சேமிப்பை முதலில் அதற்கே ஒதுக்குங்கள். வண்ணம் இறுதியில் வரட்டும்.

2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாத வாகனமே 'விண்டேஜ்' பதிவுக்கு உரியது. கட்டணம் ரூ.20,000, பத்தாண்டுகள் செல்லும். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. எனவே எஞ்சின், சேசிஸ் எண்களைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். அதில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருப்பின், தடையின்மைச் சான்றைக் கண்ட பின்னரே பணம் செலுத்துங்கள்.