நில ஆமைக்குப் பெல்லட் தீவனம் ஏற்றதா?

கடத்தலினின்று மீட்கப்பெற்ற நட்சத்திர ஆமைகளுக்கு, ‘ஆமைத் தீவனம்’ எனக் கடைகளில் விற்கும் பெல்லட்டுகளை இடுதல் எளிய வழியாகத் தோன்றும். ஆயின் அவற்றுட் பல, மீன்மாவு கலந்து நீராமைகளுக்கென ஆக்கப்பட்டவை. நட்சத்திர ஆமையோ பெரும்பாலும் புல்பூண்டுகளைத் தின்று வாழ்வது. அதன் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களே நார்ப்பொருளை நொதிக்கச் செய்து செரிமானத்திற்கு உதவுகின்றன. நார் குறைந்து மாவுப்பொருள் மிகுந்த உணவு அச்செயலைக் குலைக்கும். மிகையூட்டம் வளர்ச்சியை அளவு கடந்து விரைவுபடுத்தும்.

எனவே களப்பணியாளர், புல்லையும் தழையையுமே முதன்மை உணவாகக் கொடுத்தல் வேண்டும். புல்லுண்ணும் நில ஆமைகளுக்கென ஆக்கிய பெல்லட் கிடைப்பின், அதனை நீரில் ஊறவைத்துத் துணையுணவாகச் சிறிதளவே இடுக.

இவ்வாமையை வீட்டில் வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கண்டெடுத்தால் வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை என்பதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.