ஹேஷா, புள்ளியா, வெறும் பெயரா

அன்புத் தம்பிக்கு,

ரூபி நிரல்களைச் சோதிக்கும் ருபோகாப்புக்கு உங்கள் குழு எழுதிவரும் நீட்சியின் ஆவணங்களை நீ பொறுப்பெடுத்துக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மெத்தட் பெயர்கள் ஓரிடத்தில் ஹேஷோடும், இன்னோரிடத்தில் புள்ளியோடும், மற்றோரிடத்தில் மொட்டையாகவும் நிற்கின்றன, எல்லாவற்றையும் ஒரே சீராக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். சீராக்கு. ஆனால் தேடி மாற்றி ஒரே மூச்சில் முடித்துவிடும் ஒப்பனை வேலையாக அதை நினைக்காதே. கிளாஸின் பெயருக்கும் மெத்தடின் பெயருக்கும் நடுவே நிற்கும் அந்தக் குறி ஒரு தகவலைச் சொல்கிறது. அது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க முடியும். சோதிக்காமல் சீராக்கினால் ஆவணம் முழுக்க ஒரே மாதிரி தவறாகிவிடும். தாறுமாறாக இருந்தபோது சந்தேகப்பட்டவர்கள்கூட அப்போது நம்பிவிடுவார்கள்.

வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். ஒரு கிளாஸிலிருந்து பிறந்த ஆப்ஜெக்ட்டின் மேல் அழைக்கும் மெத்தடுக்கு ஹேஷ்: அரே#மேப், ஸ்ட்ரிங்#ஃப்ரீஸ். கிளாஸையே விளித்து அழைக்கும் மெத்தடுக்குப் புள்ளி: ஃபைல்.ரீட், டைம்.நவ். இதில் ஹேஷ் ஆவணத்துக்கென்றே ஏற்பட்டது. அரே#மேப் என்று நிரலில் எழுதினால் ரூபி அரே என்பதை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைக் குறிப்புரையென்று தள்ளிவிடும்.

இரட்டைக் கோலன் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரூபியோடு வரும் ஆர்ஐ என்ற டெர்மினல் கருவியில் கிளாஸ் மெத்தடைத் தேட இரட்டைக் கோலன்தான். அங்கே புள்ளி போட்டால் இரண்டு வகையையும் சேர்த்துத் தேடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஃபைல்::ஓப்பன் என்று எழுதுவது இயல்பு. ஆனால் நீ எழுதுவது ருபோகாப் ஆவணம். போஷிதார் பாட்சோவ் 2012-ல் தொடங்கிய இந்தக் கருவி, ரூபி ஸ்டைல் கையேட்டைத் தழுவி எழுந்தது. அந்தக் கையேடு வழக்கமான மெத்தட் அழைப்புக்கு இரட்டைக் கோலன் வேண்டாம் என்கிறது. ஸ்டைல்/கோலன்மெத்தட்கால் என்ற காப், அதாவது ருபோகாப்பின் விதி, அதையே பிடிக்கிறது. வாசகரின் நிரலில் குற்றம் என்று காட்டுவதை நம் ஆவணத்தில் நாமே செய்யக்கூடாது. மாட்யூலுக்குள் இருக்கும் கிளாஸைச் சொல்ல மட்டும் இரட்டைக் கோலனை வைத்துக்கொள்.

இனி ஒரு காப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். செக்யூரிட்டி/ஓப்பன். ரூபியில் ஓப்பன் என்ற பெயரில் பல மெத்தடுகள் உண்டு. கெர்னல்#ஓப்பன் கோப்பைத் திறக்கும். ஆனால் ரூபியின் பழைய பதிப்புகளில், கொடுத்த சரத்தின் முதல் எழுத்து பைப் குறியாக இருந்தால், மீதியை ஷெல் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பைப் பழக்கம் கைவிடப்பட வேண்டியது என்று 2023 டிசம்பரில் வெளியான ரூபி 3.3 அறிவித்தது. ஆனாலும் பழைய பதிப்புகளில் ஓடும் நிரல்கள் இன்னும் ஏராளம். யூஆர்ஐ.ஓப்பனிலும் அதே ஆபத்து உள்ளது. வந்த சரம் இணைய முகவரியாகத் தெரியாவிட்டால் அது கெர்னலின் ஓப்பனுக்கே கைமாற்றிவிடும். ஃபைல்.ஓப்பனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. யூஆர்ஐ.பார்ஸ் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்டின் ஓப்பனுக்கும், அதாவது யூஆர்ஐ::ஹெச்டிடிபி#ஓப்பனுக்கும், இல்லை.

இப்போது இந்தக் காப்பின் விளக்கப் பத்தியை மொட்டைப் பெயரில் எழுதிப் பார்: ஓப்பனைப் பயன்படுத்தாதே, ஓப்பனைப் பயன்படுத்து. எது விலக்கு, எது பரிந்துரை என்று யாருக்கும் புரியாது. யூஆர்ஐயில் புள்ளி வைத்தால் ஆபத்தானதைச் சொல்கிறாய், ஹேஷ் போட்டால் பாதுகாப்பானதைச் சொல்கிறாய். இதைப் படிப்பவர் யார் என்பதையும் நினைத்துக்கொள். அவருடைய பில்ட் சிவப்பாகி நிற்கிறது, பிழைச் செய்தியிலிருந்து நேராக உன் பக்கத்துக்கு வந்திருக்கிறார், முழுதும் வாசிக்க அவருக்குப் பொறுமை இல்லை. மாற்றாக எதை எழுதுவது என்று கண்ணால் துழாவுகிறார். அந்த நேரத்தில் அந்தக் குறி சரியாக இருந்தாக வேண்டும்.

சதுர அடைப்புக்குறி மெத்தடிலும் இதே கதை. ஹேஷ் கிளாஸில் அது இரண்டு. புள்ளியோடு வந்தால் புதிய ஹேஷை உருவாக்கும். ஹேஷ் குறியோடு வந்தால் இருக்கிற ஹேஷிலிருந்து மதிப்பை எடுத்துத் தரும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் கிளாஸ் பெயரும் குறியும் போட்டுவிட வேண்டுமா? கூடாது. உன்னோடு நான் அழுத்திப் பேச விரும்புவது இதைத்தான். ருபோகாப் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை; நிரலின் உருவத்தை மட்டும் பார்க்கிறது. கலெக்ட் என்ற அழைப்பைக் கண்டால், எதன் மேல் அழைத்திருக்கிறார்கள், அரேயா, ஹேஷா, யாரோ சொந்தமாக எழுதிய கிளாஸா என்று அதற்குத் தெரியாது. ஸ்டைல்/கலெக்ஷன்மெத்தட்ஸ் என்ற காப், பாதுகாப்பற்றது என்று குறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணமே அது பெயரை மட்டும் வைத்துப் பிடிக்கிறது என்பதுதான். அந்த இடத்தில் நீ அரே#கலெக்ட் என்று எழுதினால், காப் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லிவிடுகிறாய். தன்னுடைய கிளாஸில் கலெக்ட் என்று பணவசூல் மெத்தட் ஒன்று வைத்திருப்பவர், அது தன்னைத் தொடாது என்று நம்பி விதியை இயக்குவார். தானியங்கித் திருத்தத்தையும் துணிந்து ஓட்டினால் அவருடைய கலெக்ட் மேப் ஆகிவிடும்.

ஆகவே காப் பெயரை மட்டும் பார்க்கிறதென்றால் பெயரை மட்டும் எழுது, பேக்டிக்குக்குள். ஒரு குறிப்பிட்ட மெத்தடின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது முழுப் பெயரையும் குறியோடு எழுது. ஒரே பத்தியில் இரண்டும் வரலாம். அது முரண் ஆகாது. வாசகரால் தன் நிரலோடு பொருத்திப் பார்க்க முடிகிற துல்லியம் அது. இதற்காக ஒவ்வொரு விதியின் மூல நிரலையும் திறந்து, அது எதைப் பொருத்திப் பார்க்கிறது என்று படித்தே ஆக வேண்டும். குறுக்குவழி இல்லை. அந்த உழைப்பைச் செய்கிறவர்களால்தான் ஆவணம் நம்பத் தகுந்ததாகிறது.

கட்டமைப்புக் கோப்பைப் பற்றி எழுதும் பகுதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அலவ்டுமெத்தட்ஸ் பட்டியலில் வெறும் பெயர்தான் வர வேண்டும். விளக்கத்தில் நீ கிளாஸ் பெயரில்லாமல் ஹேஷில் தொடங்கி எழுதிவைத்ததை ஒருவர் அப்படியே எடுத்து, சிறுகோடும் இடைவெளியும் விட்டு ஒட்டினால், யாம்லில் அந்த ஹேஷிலிருந்து வரி முடியும்வரை குறிப்புரை ஆகிவிடும். பட்டியலில் வெற்று உருப்படி ஒன்று நிற்கும். யாம்ல் எந்தப் பிழையும் சொல்லாது. விலக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று அந்த மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அந்தப் பகுதியில் மட்டும் ஹேஷ் வேண்டாம்.

வேறு மொழிகளிலிருந்து வரும் பங்களிப்பாளர்களையும் மனதில் வை. ஜாவாடாக்கில் ஸ்டாட்டிக் மெத்தடுக்கும் ஹேஷ்தான். ஜாவாஸ்கிரிப்டில் 2022 பதிப்பிலிருந்து ஹேஷில் தொடங்கும் பெயர் தனிப்பட்ட உறுப்பைக் குறிக்கிறது. அவர்கள் மாற்றிப் புரிந்துகொள்வது சகஜம். பங்களிப்போர் வழிகாட்டியில் நம் வழக்கத்தை நாலு வரியில், எடுத்துக்காட்டோடு எழுதிவை. எழுதாத வழக்கத்தை வைத்துப் புதியவரின் திருத்தத்தைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

முடிந்தால் ஒரு சிறு சோதனையும் எழுது. ஆவணத்தில் பேக்டிக்குக்குள் இருக்கும் முழுப் பெயர்களை எடுத்து, அப்படியொரு மெத்தட் உண்டா என்று ரூபியையே கேட்கலாம். ஹேஷ் உள்ளதற்கு மெத்தட்_டிஃபைண்டு? போதும் என்று தோன்றும். ஆனால் அது பிரைவேட் மெத்தடுகளைக் கணக்கில் எடுக்காது, கெர்னல்#ஓப்பன் பிரைவேட். பிரைவேட்_மெத்தட்_டிஃபைண்டு? என்றும் சேர்த்துக் கேள், இல்லையென்றால் சரியாக எழுதியதையே தவறென்று காட்டும். யூஆர்ஐ.ஓப்பனுக்கு முதலில் ஓப்பன்-யூஆர்ஐ நூலகத்தை ஏற்றியிருக்க வேண்டும். திருத்தங்களை ஒரே பெரிய கமிட்டாகப் போடாமல் காப் வாரியாகப் பிரித்து அனுப்பு, பார்க்கிறவர் ஒவ்வொன்றையும் மூல நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். செக்யூரிட்டி பிரிவிலிருந்து ஆரம்பி. முதல் தொகுதி தயாரானதும் எனக்கும் அனுப்பு, உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்