மலைப்பக்கம் கறுத்தால்

அன்புள்ள பீடோர் வாசகிக்கு,

போங்கள், தாராளமாகப் போங்கள். நண்பர்களோடு கோப்பெங் மலைப்பக்கம் ஆற்றை ஒட்டி ஏறப்போவதாகவும், “காட்டுக்குள்ள உனக்கு என்னடி வேலை?” என்று ரப்பர்த்தோட்டத்தில் பால்வெட்டிய பாட்டி மறிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண்பதைத் தாண்டியவரின் இந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கைதானே என்றும் கேட்கிறீர்கள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. அதில் பாதி காலாவதியானது. மீதிப் பாதி இன்றைக்கும் உயிரைக் காக்கும். பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

காலாவதியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. உங்கள் பாட்டியின் சிறுவயது அதற்குள்தான் கழிந்திருக்க வேண்டும். பேராக்கின் தோட்டங்கள் பல காட்டின் விளிம்பிலேயே முடிந்தவை. கடைசி நிரைக்கு அந்தப் பக்கம் காடு, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். அதனால் லயங்களை ஓரிடமாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு வந்தது, அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. சில இடங்களில் பால்வெட்டப் போகிறவர் மத்தியானச் சோற்றைக்கூடக் கட்டிக்கொண்டு போகக்கூடாது. வாசலில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டோரம் கால்வைத்தவரை இரண்டு தரப்பும் சந்தேகப்பட்ட காலம் அது. “காட்டுக்குள்ள என்ன வேலை?” என்பது வேலி வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் உங்கள் பாட்டியின் அப்பாவிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. வேலியைப் பிரித்த பிறகும் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

“நம்மாட்களுக்கு மலையேறும் பழக்கமே கிடையாது” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மேட்டுத் தோட்டத்தில் பால்வெட்டியவர் விடியுமுன் தலைவிளக்கோடு புறப்பட்டு நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் கோடு போட்டுவிட்டு, அதே சரிவில் மறுபடி ஏறி மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு இறங்கிவருவார். வாரம் முழுக்க மேடேறியவர் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஏன் மலையேற வேண்டும்? இன்று மலையேறிகள் தேடி வாங்கும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘கம்போங் அடிடாஸ்’ என்கிறார்களே, அது ரப்பர்த்தோட்டத்துக் காலணிதான். இன்னொன்று: ஈப்போவில் குனோங் சீரோ மலையடியில் முருகனுக்குக் கோயில் கட்டி, கல்லுமலை என்று பேர் வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுப்பவர்கள் நாம். அதே குனோங் சீரோவில் 1973 அக்டோபரில் பாறை பிளந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்காகத் தைப்பூசக் கூட்டம் குறைந்துவிடவில்லை.

இனி உயிருள்ள பாதிக்கு வருகிறேன்.

பால்வெட்டுக்காரருக்கு மழைதான் கணக்கப்பிள்ளை. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிமுடித்த பிறகு மழை பிடித்தால் மங்கில் இருக்கும் பால் கரைந்துபோகும், அன்றைய உழைப்பு வீண். அதனால் எந்தப் பக்கம் இருட்டினால் எவ்வளவு நேரத்தில் மழை இங்கே வரும் என்று அவர்கள் மலையைப் பார்த்தே சொல்வார்கள். மலையிடுக்கில் நடக்கிறவருக்கு முதலில் வேண்டியது இந்த அறிவுதான். கயிறும் கம்பும் பிறகு.

ஏன் என்று சொல்கிறேன். கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள கோர்பு மலை மட்டும் 2,183 மீட்டர். தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம். பள்ளத்தாக்கின் தரையோ கடல்மட்டத்தைவிடச் சில பத்து மீட்டர்தான் உயர்ந்தது. இவ்வளவு உயரத்தை ஆறுகள் மிகக் குறைந்த தூரத்தில் இறங்கித் தீர்க்கின்றன. அதனால்தான் இடுக்குகள் இவ்வளவு செங்குத்தாக, இவ்வளவு குறுகலாக இருக்கின்றன. கோப்பெங்கில் ஈய லம்பம் நடத்தியவர்கள் இதே இறக்கத்தைத்தான் பயன்படுத்தினார்கள். மேலிருந்து பெரிய குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து, அது இறங்கும் வேகத்திலேயே மேட்டை அடித்துக் கரைத்து ஈயமண் எடுத்தார்கள். எந்திரம் வைத்து இறைக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த ஈயத்தைக் கொடுத்ததும் இதே மலைதான். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய சுண்ணாம்புப் பாறைக்குள் கருங்கல் குழம்பாக ஏறி இறுகியபோது சேர்ந்து வந்தது அது. வழியில் தெம்புரோங் குகைக்குப் போனால் இரண்டு பாறையின் கதையையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

குழாயில் அடக்கிய தண்ணீர் மேட்டைக் கரைத்தது. மழைநாளில் அதே தண்ணீர் அடக்க ஆளில்லாமல் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், மேலே கொட்டியிருக்கும். சரிவில் விழுந்த அத்தனையும் ஒரே இடுக்கில் சேரும். சில சமயம் விழுந்த மரங்கள் குறுக்கே சிக்கி நீரைத் தேக்கும். அந்த அடைப்பு உடைந்தால் தண்ணீர் சுவராக இறங்கும். கெப்பாலா ஆயர் என்று ஊரில் எல்லாரும் சொல்வது இதைத்தான். 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி கம்பாருக்குப் பக்கத்தில் போஸ் டீப்பாங் ஓராங் அஸ்லி கிராமத்தை இப்படித்தான் ஆறு வாரிக்கொண்டு போனது. கனமழையில் மலைச்சரிவு பெயர்ந்து, மண்ணும் பாறையும் மரமும் ஆற்றோடு கலந்து இறங்கி வந்தன. 44 பேர் பலியானார்கள். காலங்காலமாகக் காட்டை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே நேரம் கிடைக்கவில்லை என்றால், கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அருவிக்கு முதுகைக் காட்டி நிற்கும் நமக்கு எவ்வளவு கிடைக்கும்?

ஆனாலும் ஆறு பல சமயம் சொல்லிவிட்டுத்தான் வரும். தெளிந்த நீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்துவரத் தொடங்கும். மண்வாசம் அடிக்கும், இரைச்சல் கூடும். காரணமில்லாமல் நீர்மட்டம் சட்டென்று குறைந்தால் அதையும் நம்பாதீர்கள். மேலே எங்கோ அடைத்திருக்கலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாட்டில் சரிவேறிவிட வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர்தான் ஜெயிக்கும். அக்கரையில் பை கிடந்தால் கிடக்கட்டும். மணல்திட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். நம் மலைகளில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால், விடிந்ததும் ஏறி, வயிறு பசிக்குமுன் ஆற்றைவிட்டு வெளியே வந்துவிடுவது என் வழக்கம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நான் இடுக்குப் பக்கமே போவதில்லை. கோழை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் தடவைக்கு உலு கெரோ போதும். கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் குறுகிய சடக்கின் முடிவில் செமாய் மக்களின் கிராமம். ஒரு காலத்தில் இங்கே ரஃப்ளேசியா மொட்டை மருந்துக்காகப் பறித்தும், ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து விற்றும் சம்பாதித்தார்கள். பிறகு மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு அதே ஆட்கள் சங்கம் அமைத்துப் பூவையும் பூச்சியையும் காத்து, வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். வழிகாட்டிக்கான கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கூச்சமாக இருக்கும். ஊற்று கசியும் ஈரமண்ணில் கறுப்பும் பச்சையுமாக அந்தப் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும், பெரும்பாலும் ஆண்பூச்சிகள். மிதித்துவிடாமல் நடங்கள்.

அதற்குமேல் உள்ளே போக நினைத்தால் அது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். கோர்பு போன்ற மலைகளுக்குப் பதிவுபெற்ற மலைவழிகாட்டியும் கூட வர வேண்டும். அனுமதி இல்லாமல் போய் வழி தவறினால் தேடுகிறவர்களுக்கு நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்பதே தெரியாது. அட்டைக்குப் பயப்படாதீர்கள். புகையிலைத் தண்ணியில் நனைத்த காலுறை போட்டால் போதும், அதையும் பாட்டியே சொல்லித்தருவார்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பால்வெட்டும் காலத்தில் மலை எந்தப் பக்கம் கறுத்தால் வேலை கெட்டது என்று முடிவுசெய்வார்? அவர் வெட்டிய தோட்டம் இன்று செம்பனைக்காடு என்கிறீர்கள். மரம் மாறினாலும் மழை வரும் பக்கம் மாறியிருக்காது. மத்தியானத்துக்குள் ஆற்றைவிட்டு ஏறிவிடுவோம் என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். மழைநேரம் தெரிந்த மனுஷி, அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடும். ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ரஃப்ளேசியா பூ ஒரு வாரத்துக்குமேல் நிற்காது. மொட்டு விரியவோ மாதக்கணக்காகும். அதனால் கிளம்புமுன் கிராமத்தாருக்குப் போன் போட்டு, பூத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து உங்கள் கட்டுரையாளர்