அந்த மண்டபத்தை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆதிச்சநல்லூர் நீர்வண்ணப் படம் வந்து சேர்ந்தது. வானம் நன்றாக இறங்கியிருக்கிறது. பனைகளில் கை தயங்கவில்லை. ஆனால் பரம்பு மேட்டின் மேல் ஓர் இடிந்த மண்டபம் நிற்கிறதே, அது எப்படி அங்கே வந்தது?

ஆங்கில ஓவியர் டர்னரைப் பார்த்துப் பழகிய கை என்று புரிகிறது. 1792-இல், பதினேழு வயதில், வேல்ஸின் வை ஆற்றங்கரைக்கு டின்டர்ன் மடத்தை வரையப் போனார் அவர். எட்டாம் ஹென்றி 1536-இல் மூடிய மடம்; கூரை போய், கொடி ஏறிக் கிடந்தது. டர்னர் போவதற்குப் பத்தாண்டு முன்பே கில்பின் என்ற பாதிரியார், அந்த இடிபாட்டின் சுவர் உச்சிகள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றன, சுத்தியலால் கொஞ்சம் உடைத்தால் அழகு கூடும் என்கிற ரீதியில் எழுதிவிட்டார். அவர் இருப்பதை உடைக்க நினைத்தார். நீ உடைந்த ஒன்றைப் புதிதாகக் கட்டியிருக்கிறாய். அதே கரையில் இரும்பு ஆலையும் இருந்தது, இடிபாட்டுக்குள் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். அழகுப் படங்களில் ஆலைக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

அதே 1792-இல்தான் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் நம் பக்கம் வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். நீ உட்கார்ந்து வரைந்த தாமிரபரணியின் தலைமாடு அது. அவர்களுக்கு அருவி கிடைத்தது. உனக்குக் கிடைத்தது 114 ஏக்கர் செம்மண் மேடு.

அங்கே பழமை நிமிர்ந்து நிற்கவில்லை, தம்பி. முதுமக்கள் தாழிகளாக மண்ணுக்குக் கீழே கிடக்கிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியெடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருட்களையும் கண்டெடுத்தார். இப்போது தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், நின்று குனிந்து பார்க்கலாம். இதையெல்லாம் படத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்பாய். காட்டாதே. மேட்டை மேடாகவே வரை.

அதுதான் கஷ்டம். ஒரே சிவப்பைத் தீட்டி முடித்துவிட்டாய். பரம்பு அப்படியா இருக்கிறது? முதலில் வெளிறிய காவிமஞ்சள் வாஷ் போடு. காய்ந்த பிறகு பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீர் குறைத்துத் தொட்டு, தூரிகையைப் படுக்கவைத்துத் தாளின் சொரசொரப்பின் மேல் இழு. சரளை தானாக வரும். அந்த ஊர் வெயிலில் வாஷ் பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளின் பின்புறத்தையும் நனைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வானத்தை முடித்துவிடு. வெள்ளை டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை விட்டாலே போதும்.

இன்னொன்று. மூலையில் ஆடு மேய்க்கும் அம்மாவைப் புள்ளியாக வைத்திருக்கிறாய். மண்டபம் எவ்வளவு பெரிது என்று காட்டத்தானே? அது போய்விட்டால் நடுவில் இடம் காலியாகும். அவரை அங்கே கொண்டுவா, அளவையும் பெரிதாக்கு. கம்பு எந்தக் கையில் இருந்தது என்று நினைவில்லாவிட்டால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரை.

அன்புடன்,
அண்ணன்