மார்பகம் எடுத்த பிறகு என்னென்ன வழிகள்?



புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டு, உள்ளாடைக்குள் துணியைச் சுருட்டி வைத்துச் சமாளிக்கிறவர்கள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. மார்பை மறுபடி உருவாக்க முடியும் என்று கேள்விப்பட்டாலும், "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகிவிடுமோ" என்ற பயத்தில் சிலர் வாய் திறப்பதில்லை.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆண்களுக்குத் தங்கம் கூடாது என்றிருந்தும் இந்த அனுமதி! அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்த ஹதீஸ் உள்ளது. 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், அகற்றப்பட்ட மார்பை மீண்டும் உருவாக்குவது ஆகுமானது என்றே தீர்மானித்தது. அழகுக்காக மாற்றுவது வேறு, நோய் கொண்டுபோனதைச் சரிசெய்வது வேறு.

ஒரு வழி, சிலிக்கான் பை வைப்பது. அறுவை சிறியது. ஆனால் கரண்ட் வைத்த, அதாவது கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பை இறுகிப்போகவும் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடுதல். பல வருடம் கழித்துப் பையை மாற்றவும் நேரலாம்.

இன்னொன்று, முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைப்பது. இது பல மணி நேர அறுவை, தழும்பும் இரண்டு இடத்தில். முதுகுத் தசையை எடுத்தால் தோள்பலம் ஓரளவு குறையலாம். வயிற்றுத் தசையை எடுத்தால் குடலிறக்கம் வரலாம். ஆகவே தண்ணீர்க் குடம் சுமப்பவரா, பருத்திக் காட்டுக்குப் போகிறவரா, தீப்பெட்டி ஆபீஸ் வேலையா என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும். எந்த முறையானாலும் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்பாது.

மார்பை எடுக்கும்போதே இதையும் செய்யலாம். வருடங்கள் கழித்தும் செய்யலாம். ஆனாலும் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே கேட்பது நல்லது, தோலை எவ்வளவு விட்டுவைப்பது என்பதை அப்போதுதான் முடிவு செய்வார்கள்.

அறுவையே வேண்டாம் என்பவர்களுக்குப் பஞ்சிலும் சிலிக்கானிலும் செயற்கை மார்பு கிடைக்கிறது. குளிப்புக் கடமையானால் கழற்றிவிட்டுக் குளிக்கலாம்.

நமக்குப் பக்கம் திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இது சேருமா என்று காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். கணவரையோ மகளையோ உடன் அழைத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்லலாம்.