உப்புநீர் நீச்சல் தடாகம்: அளந்து போட்டால் இலாபம், அள்ளிக் கொட்டினால் நட்டம்

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் ஹோட்டல்கள் பெருகியதோடு, நீச்சல் தடாகப் பராமரிப்பும் ஒரு தொழிலாகிவிட்டது. திருகோணமலையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானும் இதில் இறங்கினேன். முதல் பாடத்தை நட்டப்பட்டே படித்தேன்.

உப்புநீர்த் தடாகம் என்றதும் அது கடல்நீர் என்றும், குளோரின் இல்லாதது என்றும் பலர் நினைக்கின்றனர். இரண்டும் தவறு. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தடாகத்துக்கு 3 முதல் 4 கிராம் போதும். அந்நீர் கலத்தினூடாகச் செல்லும்போது, மின்பகுப்பினால் உப்பிலிருந்து குளோரின் உண்டாகிக் கிருமிகளை அழிக்கிறது. பின்னர் அது மீண்டும் உப்பாகிவிடும். வெயிலில் ஆவியாவதும் நீர் மட்டுமே. வடிகட்டியைக் கழுவும்போதும், தடாகம் நிரம்பி வழியும்போதும்தான் உப்பு குறைகிறது.

நமது மாவட்டத்தில் வடகீழ்ப் பருவமழை அந்த வேலையைச் செய்துவிடும். அப்படியொரு மழைக்குப் பின், ஹோட்டலொன்றில் உப்பு குறைவென எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அளக்காமலே 50 கிலோ மூடைகள் ஆறைக் கொட்டினேன். மறுநாள் உப்பு அதிகமென இயந்திரம் நின்றுவிட்டது. அளந்தபோது லீற்றருக்கு 5.5 கிராம். ஒரு இலட்சம் லீற்றர் தடாகம் அது. மழைக்குப் பின் இருந்தது 2.5 கிராம், அதை 3.2 ஆக்க 70 கிலோ போதுமாக இருந்தது. கரைந்த உப்பை அள்ளியெடுக்க முடியுமா? சுமார் 42,000 லீற்றரை வெளியேற்றி, பவுசரில் நன்னீர் வாங்கி நிரப்பினேன். அந்த மாத இலாபத்தோடு, அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தமும் கைவிட்டுப் போனது.

இத்தொழிலுக்கு வருவோர் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் அளக்கவும். லீற்றருக்குக் குறையும் கிராமை, தடாகத்தின் கனமீற்றரால் பெருக்கினால் தேவையான கிலோ வரும். உப்பு முழுதும் கரையும் வரை பம்பை ஓடவிட்டு, கலத்தை நிறுத்தி வைக்கவும்.

2. அயடின் கலக்காத சுத்தமான உப்பையே வாங்கவும். நிலாவெளி உப்பளம் பக்கத்தில்தான் உள்ளது. ஆனால் சுத்திகரிக்காத உப்பிலுள்ள சேறும் கல்சியமும் கலத்தின் தகடுகளில் படியும்.

3. இத்தடாகங்களில் பீஎச் பெறுமானம் தானாகவே ஏறும். அதை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கவும். ஏறினால் சுண்ணாம்பு படிந்து கலம் கெடும். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது.

4. கலம் சில வருடங்களில் தேய்ந்துவிடும். அது விலைகூடிய பாகம். மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவும்.

இன்று ஒவ்வொரு தடாகத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அளவுகளைத் திகதியோடு எழுதி, ஹோட்டல் முகாமையாளரின் கையொப்பம் பெறுகிறேன். பிணக்கு வந்தால் அந்தக் கொப்பிதான் எனக்குச் சாட்சி. புதிய வாடிக்கையாளரிடமும் விலையைச் சொல்வதற்கு முன் அதையே காட்டுகிறேன்.