பாடம் 7: ‘கென்ட்’ போர்க்கப்பல்

மாணவர்களே! லேக் மார்க்கெட்டில் வாழும் நம் குடும்பங்கள் பல சென்னையிலிருந்து தொடர்வண்டியில் வந்தவை. 1756 அக்டோபரில் அதே சென்னையிலிருந்து ஆங்கிலேயரின் கடற்படை ஒன்று வங்கம் நோக்கிப் புறப்பட்டது. அதன் தலைமைக் கப்பல், 1746இல் டெட்ஃபோர்டில் கட்டப்பட்ட ‘கென்ட்’. அதில் அட்மிரல் வாட்சன் இருந்தார். கிளைவின் தலைமையில் சென்னைச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உடன் புறப்பட்டனர். வடகிழக்குப் பருவக்காற்று எதிர்த்து வீசியதால், டிசம்பரில்தான் கென்ட் ஹூக்ளி ஆற்றை அடைந்தது.

1757 சனவரி 2ஆம் நாள் கல்கத்தா மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மார்ச்சு 23இல் பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகர்க் கோட்டையைக் கென்ட் ஆற்றிலிருந்து தாக்கியது. கோட்டை வீழ்ந்தது; கப்பலும் பெரிதும் சிதைந்தது. கப்பல் தலைவர் ஸ்பீக் காயமுற்றார். அவர் மகன் வில்லியம் காலை இழந்து, பின் உயிரையும் இழந்தான். ஆகஸ்டு 16இல் வாட்சன் காய்ச்சலால் இறந்தார்.

இருவர் கல்லறைகளும் கொல்கத்தாவின் புனித யோவான் ஆலயத்தில் உள்ளன. உடன் வந்த சிப்பாய்களின் பெயர்களை அக்கல்வெட்டுகள் கூறவில்லை.

பிரித்து எழுதுக: கடற்படை, கல்வெட்டு.

விடை எழுதுக: கென்ட் வங்கம் வந்துசேரக் காலம் தாழ்ந்தது ஏன்?

கேட்டு எழுதுக: உங்கள் குடும்பத்தில் கொல்கத்தாவுக்கு முதலில் வந்தவர் யார்? அவர் பெயர், ஊர், வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுக.